ங்க போட மூச்சில்லை

கோயம்புத்தூரில் இறங்கிய கையோடு எல்லாரும் ஒரு பொய் சொல்கிறார்கள். "எங்கூருக் காத்து ஏசி மாதிரிங்க." விமான நிலைய வாசலில் டாக்சிக்காரர் சொன்னார். டீக்கடைக்காரர் சொன்னார். பெட்டியைத் தூக்கிவிட்ட பெரியவரும் சொன்னார். டாக்சிக்காரரும் பெரியவரும் சொல்லி முடித்தவுடனே இருமினார்கள். நான் மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் காலம் முழுக்க வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பொய் சொல்லும் பிள்ளையின் முழி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவர்கள் முகத்தில் அந்த முழி இல்லை. மனசார நம்பித்தான் சொல்கிறார்கள். எரிச்சலே அதுதான்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. என் தங்கை ரோசியைக் கையோடு மலேசியாவுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தேன். கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலைக்கு வந்த சேவியரைக் கட்டிக்கொண்டு, கிணத்துக்கடவு தாண்டி உள்ளே இருக்கும் அவர் கிராமத்துக்கு வந்தவள் அவள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொஞ்ச நாளாக அவள் போனில் பேசும்போது இடையில் ஒரு விசில் சத்தம் கேட்டது. குக்கர் என்று நினைத்தேன். "அடுப்பை அணைச்சுட்டு வந்து பேசுடி" என்று கூடச் சொல்லியிருக்கிறேன். அது குக்கர் இல்லை, அவள் நெஞ்சு.

எங்கள் வீட்டில் அவளுக்கு மைக்செட் என்று பெயர். நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸை அடுத்த நிறுத்தம் வரைக்கும் துரத்திப் போய் டிரைவரைத் திட்டிவிட்டு வந்தவள். அப்படிப்பட்டவளுக்கு மூச்சு வாங்குகிறது என்றால் நான் கடை கண்ணி என்று சுற்றிக்கொண்டிருக்க முடியுமா?

விமான நிலையத்துக்கு சேவியர் தன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியோடு வருவதாக ஏற்பாடு. வரவில்லை. "அக்கா, மன்னிச்சுக்கோங்க, திடீர்னு ஒரு லோடு வந்துபோட்டுது" என்று போன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் புகை கக்கும் கரி ஆலைக்குத் தேங்காய்த் தொட்டி ஏற்றப் போய்விட்டாராம். தொட்டி என்றால் நாம் சொல்லும் சிரட்டைதான். தங்கையின் நெஞ்சைக் கெடுக்கும் புகைக்கு விறகு சேர்க்கப் போனதால் அவளைப் பார்க்க வந்தவளை அழைக்க ஆள் இல்லை. நல்ல குடும்பம்.

ஆட்டோ பிடித்து உக்கடம் பஸ் நிலையத்துக்குப் போனேன். பக்கத்துக் குளத்தைச் சுற்றி நடைபாதை, விளக்கு, செல்ஃபி எடுக்க இடம் எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். காற்று நம் பக்கம் திரும்பும்போது மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஒரு புது ஜோடி மூச்சை அடக்கிக்கொண்டே சிரித்துப் படம் எடுத்துக்கொண்டது. எங்கள் கிள்ளான் ஆறு மட்டும் என்ன, பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அதற்கு முதுகைக் காட்டி நின்று யாரும் படம் எடுப்பதில்லை.

பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கிணத்துக்கடவில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டதற்கு, "உக்காருங்கம்மா, போலாமுங்க" என்றார். போனோம். ஊருக்குள் இறங்காமல் மேம்பாலத்தில் ஏறி, ஊர் எனக்குக் கீழே தெரிய, விர்ரென்று போனோம். நான் கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. "இது உள்ள போகாதுங்கம்மா. அக்கட்டால எறக்கி உடறேனுங்க, பொறுமையா நடந்து வந்துருங்க" என்று என் பெட்டியை அவரே மரியாதையாக இறக்கி வைத்தார். இவ்வளவு பணிவாக யாரும் என்னை நடுரோட்டில் விட்டதில்லை. வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

கடைசியில் தொட்டி ஏற்றிய ஒரு லாரிக்காரர்தான் நிறுத்தினார். "ஏனுங்கம்மா, ரோசியக்கா ஊட்டுக்கு ஒறம்பரைங்களா? ஏறுங்க, அக்கடத்தான் போறேனுங்க" என்றார். ஒறம்பரை என்றால் விருந்தாளி. சேவியர் சொல்லி வைத்திருப்பார் போல. வழியெல்லாம் தென்னந்தோப்பு. ஒரு வாய்க்கால் திரும்பியதும் தொண்டையில் யாரோ முடியைத் திணித்த மாதிரி ஆனது. இருமினேன். "ஊரு வந்துருச்சுங்க" என்றார் லாரிக்காரர்.

ரோசியின் வீடு சொந்த வீடு, தளம் போட்டது. சேவியர் குடும்பத்தில் முதல் தளம் போட்ட வீடு அதுதான். இளம்பச்சை சாயம் பூசியிருந்தார்கள். ஆலை இருக்கும் பக்கத்துச் சுவர் மட்டும் சாம்பல் நிறம். அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கெல்லாம் பழைய சேலைத் துணி வைத்து அடைத்திருந்தாள். கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் கரிப்புள்ளிகள்.

"வாங்கக்கா. பசியாறியாச்சுங்களா?" என்றாள் ரோசி. பசியாறுவது எங்கள் ஊர்ப் பேச்சு, 'ங்களா' இந்த ஊர் ஒட்டு. "எனக்கு எதுக்குடி ங்க? நான் என்ன கலெக்டரா?" என்றேன். "பழகிப்போச்சுங்க" என்றாள். கல்யாணமாகி வந்த புதிதில், ங்க போடாதவளை இங்கே மனுசியாகவே மதிக்கவில்லையாம். இப்போது வீட்டுப் பூனையைக்கூட "எறங்குங்க" என்கிறாள். மைக்செட்டின் ஒயரைப் பிடுங்கி ஒரு ங்கவைச் சொருகி வைத்திருக்கிறார்கள்.

மதியம் அரிசிம்பருப்புச் சாதம் போட்டாள். சின்ன வெங்காயம், பூண்டு, மேலே தேங்காய் எண்ணெய். இந்த வட்டாரத்துக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். குடிக்கக் கேன் தண்ணீர். கிணறு இருக்கும்போது எதற்குக் கேன் என்று கேட்டேன். சேவியர் ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டினார். லேசான பழுப்பு நிறம். முகர்ந்தால் ஆஸ்பத்திரி கழுவிய வாடை. சுட்ட கரியை அணைத்த தண்ணீர் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு வந்து சேருகிறது.

"குடிக்க ஒத்துக்கறதில்லீங்கக்கா. குளிக்க மட்டுந்தான்" என்றார்.

மறுநாள் காலையில் எனக்குக் கை, கழுத்தெல்லாம் அரித்தது. பக்கத்து வீட்டு ராசாத்தி எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். "அச்சச்சோ! உங்களுக்கு எங்கூருத் தண்ணி ஒத்துக்கலீங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளும் தன் முழங்கையைச் சொறிந்தாள். அவள் தோல் யானைத்தோலாகத் தடித்துக் கிடந்தது. "உனக்கு?" என்று கேட்டேன். "எனக்குங்களா? எனக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கறதில்லீங்க."

தமிழ் வாத்தியாருக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேண்டுமா? இந்த 'ஒத்துக்கலை' இருக்கிறதே, இது ஒரு அயோக்கியச் சொல். தண்ணீரை யாரோ கெடுத்திருக்கிறார்கள். ஆனால் சொல்லில் அந்த யாரோ இல்லவே இல்லை. தண்ணீர் பாட்டுக்கு நல்லபடியாக இருக்கிற மாதிரியும், நம் உடம்புதான் அதோடு சேர்ந்து வாழத் தெரியாத அடங்காப்பிடாரி மாதிரியும் ஆகிவிடுகிறது. கெடுத்தவனுக்கு வக்கீலே வேண்டாம், இந்த ஒரு சொல் போதும். ராசாத்தியிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "நெம்பச் சரிங்க. மஞ்சளைப் போட்டுக் காய வெச்சுக் குளிங்க, ஒத்துக்கும்" என்றாள்.

அன்றைக்கே ஆலையைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். ரோசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சண்டை போடாதீங்கக்கா. பூபதி அண்ணா நல்லவருங்க" என்றாள். போய்ப் பார்த்தால் ஆலை முதலாளியான அந்தப் பூபதி அண்ணா ரோசியைவிடப் பத்து வயதாவது சின்னவர். சேவியரின் அப்பா இந்தப் பூபதியின் அப்பா தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். சேவியருக்கு இன்று சொந்த வண்டி இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது. பூபதி வரும் சத்தம் கேட்டால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது மட்டும் மாறவில்லை.

வெட்டவெளியில் வரிசையாகக் குழிகள். உள்ளே தொட்டி வெந்துகொண்டிருந்தது. மூடியிருந்த தகரத்தின் ஓரங்களில் மஞ்சள் புகை கசிந்தது. பூபதி வெள்ளைச் சட்டையில் ஒரு புள்ளி இல்லாமல் வந்தார். அவர் வீடு பொள்ளாச்சியில். "வாங்கம்மா, மோர் சாப்புடுங்க. வெயில் உங்களுக்கு ஒத்துக்காது" என்றார்.

"புகை?" என்றேன்.

"இது சுத்தமான தேங்காய்ப் புகைதானுங்க. கெமிக்கல் ஒண்ணும் கெடையாது." சொல்லிவிட்டு ஒரு கரித்துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதைத் தூளாக்கி, பக்குவப்படுத்தி, தண்ணி சுத்தம் பண்ற மெசினுக்குள்ள போடறாங்க. வெளிநாடு பூராப் போகுதுங்க. உங்க மலேசியாவுக்குமுந்தான்."

கரித்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிள்ளானில் என் சமையலறைக் குழாயில் மாட்டியிருக்கும் வடிகட்டிக்குள் இருப்பது இதேதான். என் தண்ணீர் பளிங்காக இருக்க என் தங்கையின் கிணறு நாறுகிறது. மோரை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். மோர் நன்றாக இருந்தது, தொலையட்டும்.

வீட்டுக்கு வந்ததும் சேவியர் மெல்ல விஷயத்தைச் சொன்னார். பூபதி இன்னும் இதே அளவுக்குக் குழி தோண்டப் போகிறார். இந்த முறை ரோசி வீட்டு வேலியை ஒட்டி. வரும் திங்கட்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். ஊரில் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்துவிடும். "யாரு மறுப்புச் சொல்லப் போறாங்க? எனக்கே பாதி லோடு அவரு கொடுக்கறதுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப கிளம்புடி கிள்ளானுக்கு" என்றேன் ரோசியிடம்.

"நான் வந்துட்டா ஊடு?" என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது. மீதி விசில்.

அடுத்த நாள் கோவையில் நெஞ்சுச் சிகிச்சை டாக்டரிடம் கூட்டிப் போனேன். காத்திருந்த கூடத்தில் உட்கார இடமில்லை. சும்மா இருக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒருவர் வார்ப்பட ஆலையில் மணல் அச்சு செய்கிறவர். அவருக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒரு பெண் நூற்பாலையில் பஞ்சுத் தூசிக்குள்ளேயே வேலை செய்து ஓய்ந்தவள். அவளுக்கு வாழைப்பழம் ஒத்துக்கொள்ளவில்லை. குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவருக்குத் தலைக்குக் குளிப்பது ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கூடம் நிறைய மனிதர்கள் உட்கார்ந்து வாழைப்பழத்தின் மேலும் பனியின் மேலும் குற்றம் சாட்டி இருமிக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று கத்தலாம் போல இருந்தது. அதற்குள் ரோசியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் சின்னப் பெண். ஒரு குழாயை ரோசியின் வாயில் வைத்து ஊதச் சொன்னார். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்." நிறுத்தத்தில் நிற்காத பஸ்ஸைத் துரத்தியவளால் அந்தக் குழாயை ஒழுங்காக ஊத முடியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பீடி, சிகரெட் பழக்கம் இல்லையே. புகை எங்கிருந்து?" என்று டாக்டர் கேட்டார்.

"குளிர்தானுங்க ஒத்துக்கலை..." என்று ஆரம்பித்தாள் ரோசி.

"கரி ஆலை. வீட்டுக்குப் பின்னாடி" என்றேன் நான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அம்மா, நான் நேராச் சொல்லிடறேன். மருந்து தரேன், உறிஞ்சறதுக்கு மிசின் தரேன். ஆனா புகை நிக்கணும், இல்ல நீங்க அங்கிருந்து தள்ளிப் போகணும். ரெண்டும் இல்லேன்னா போன மூச்சு திரும்பி வராது. இருக்கறதும் போயிட்டே இருக்கும்."

"சரிங்க" என்றாள் ரோசி. சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொன்னாலும் அவள் இதே குரலில்தான் 'சரிங்க' என்பாள்.

வெளியே வந்து ரோட்டோரத்தில் காளான் சாப்பிட்டோம். கோவைக்காரர்களின் பெருமை அது. பெயர்தான் காளான், முக்கால்வாசி முட்டைக்கோஸ். சிவப்பாகக் கொதிக்கும் குழம்பில் போட்டு, மேலே வெங்காயம் தூவித் தருகிறார்கள். லாரிகள் கிளப்பும் தூசியும் இலவசம். முட்டைக்கோஸைக் காளான் என்று ஒரு ஊரே சேர்ந்து ரசித்துச் சாப்பிடும்போது, புகையைப் பனி என்று சொல்வதற்கு என்ன கஷ்டம்? ஆனாலும் ருசியாக இருந்தது. ரோசி காரத்தில் சிரித்தாள், சிரித்ததில் இருமினாள். இருமி முடிக்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் ஊர்ப் புகைமூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கடல் தாண்டிக் காடு எரிந்து எங்கள் ஊருக்குப் புகை வந்தால் பள்ளிக்கூடத்தை மூடுவார்கள். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்து நாட்டையும் சொந்த அரசாங்கத்தையும் சேர்த்துத் திட்டுவோம். திட்டினால் புகை போய்விடுமா என்றால் போகாது. ஆனால் எங்கள் நெஞ்சு சரியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. "நீயும்தான் திட்டினே, ஞாபகம் இருக்கா?" என்றேன். ரோசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "திட்டறதுக்கு மூச்சு வேணுமுங்கக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். சாமியார் உலக சமாதானத்துக்கு மன்றாடினார், மழைக்கு மன்றாடினார். தூபம் போட்டபோது, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஓடிவந்து, "அம்மணி, உங்களுக்குப் புகை ஆகாது, சித்த வெளிய உக்காருங்க" என்று ரோசியை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அதுவரை அந்த வட்டாரத்திலேயே புகை ஆகாது என்று வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை வந்தது. ஊராட்சி அலுவலகத்து முன்னால் பந்தல். பந்தலும் பூபதி உபயம், டீயும் தேங்காய் பன்னும் பூபதி உபயம். வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். பூபதி கைகூப்பி எல்லாரையும் வரவேற்றார். அதிகாரி, "யாருக்காவது ஆட்சேபணை இருந்தா தாராளமாச் சொல்லலாம்" என்றார்.

கந்தசாமி என்ற பெரியவர் எழுந்தார். ஊரில் அவர் பேச்சுக்கு மரியாதை. "ஆட்சேபணைன்னு ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் பொகை வருதுங்க. வயசானவங்களுக்கு ஒத்துக்கறதில்லீங்க. அவ்வளவுதானுங்க."

"ராத்திரிக்குக் கொஞ்சம் இருமலுங்க. எனக்குப் பனி ஒத்துக்காது, அதுவும் இருக்கலாமுங்க" என்றாள் ராசாத்தி.

அதிகாரி முகம் மலர்ந்தார். "உடம்புக்கு ஒத்துக்கலைன்னா ஒரு மருத்துவ முகாம் போட்டுடலாமே!"

"முகாமுக்கு ஆகறதை நான் பாத்துக்கறேனுங்க" என்றார் பூபதி. கை தட்டினார்கள். கை தட்டியவர்களில் பாதிப் பேர் இருமினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்தேன். "வெளியூர்க்காரங்க பேசக் கூடாதும்மா" என்றார் அதிகாரி. அதுவும் நியாயம்தான். உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்த ரோசி எழுந்துவிட்டாள். சேவியர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் அதை விடுவித்துக்கொண்டாள்.

"ஏனுங்க," என்றாள். மூச்சு வாங்கியது. "தண்ணி ஒத்துக்கலை, காத்து ஒத்துக்கலைன்னு... இத்தனை வருசமா நாங்கதான் சொல்லிட்டு இருக்கறமுங்க. எங்க ஒடம்பு மேலதான் பழியப் போட்டுட்டு இருக்கறமுங்க." அவள் நெஞ்சு விசிலடிப்பது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "எங்க நெஞ்சு ஒத்துக்காதுங்க. பொகைய நெஞ்சு எப்படிங்க ஒத்துக்கும்? பூபதி அண்ணா... உங்க கரியாலதான்னு... நீங்க ஒருக்கா..."

மூச்சு நின்றது. தூணைப் பிடித்துக்கொண்டாள். கையை அவரை நோக்கி நீட்டினாள்.

"ஒத்துக்கோ."

அவ்வளவுதான். அதோடு உட்கார்ந்துவிட்டாள். நான் மருந்து மிசினை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். பந்தல் முழுக்க ஒரே கசகசப்பு. ஆகா, ஒருவழியாக இந்த ஊருக்குச் சொரணை வந்துவிட்டது என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், "ஒத்துக்கோவாமா?" "பூபதி அண்ணாவைப் பாத்து ஒத்துக்கோங்கறா." "யாரு, சேவியர் சம்சாரமா?" புகைக்கு வராத கோபம், கிணறு நாறியதற்கு வராத கோபம், ஒரு ங்க விட்டுப்போனதற்கு வந்துவிட்டது. அதிகாரி நிலவரத்தைப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்துவிட்டு, பன்னைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் சேவியருக்கு லோடு வரவில்லை. சாயங்காலம் கந்தசாமியும் ராசாத்தியும் வந்தார்கள். பின்னாலேயே பூபதியும் வந்தார். சேவியர் எழுந்து நின்றார். ரோசி டீ போட்டுக் கொடுத்தாள். நல்ல வெயில், மழை நிலவரம் எல்லாம் பேசி முடித்த பிறகு கந்தசாமி தொண்டையைச் செருமினார்.

"அம்மணி, நீ வேணும்னு சொல்லியிருக்க மாட்டே. அது எங்களுக்குத் தெரியும். மூச்சு முட்டிப்போச்சு. அதுல ங்க விட்டுப்போச்சு. அப்படீன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீன்னா எல்லாம் முடிஞ்சுது, கண்ணு."

"நானும் அப்படித்தானுங்க நெனைக்கறேன்" என்றார் பூபதி, பெருந்தன்மையாக. "ரோசியக்கா மூச்சு முட்டி உக்காந்ததை நானே கண்ணால பாத்தனே."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வாயைத் திறந்தேன். ரோசி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். சின்ன வயதுக் கிள்ளு அது.

"நெசமா மூச்சு முட்டுச்சுங்களா, அண்ணா? எல்லாரும் பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பாத்தமே! ஊரே பாத்துதுங்க."

"பனியில்லீங்களே? வெயில் ஏறுன பதினோரு மணிங்க. வாழைப்பழமும் திங்கலீங்க."

"இல்லீங்க..."

"அப்பறம் எதுனாலீங்க முட்டுச்சு?"

பூபதி டீ டம்ளரைப் பார்த்தார். கந்தசாமி சாம்பல் நிறச் சுவரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பினார். ஒரு ங்கவைக் காப்பாற்ற அவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். இனித் திரும்பவும் முடியாது, மேலே போகவும் முடியாது. ராசாத்திதான் பாவம், அடக்க முடியாமல் இருமினாள். இருமி முடித்து, யாரையும் பார்க்காமல், "பொகைதானுங்க" என்றாள்.

பூபதி டம்ளரைக் கீழே வைத்தார். "வாரேனுங்க" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "டீ நல்லா இருந்துச்சுங்கக்கா" என்று வேறு சொன்னார். அப்படி ஒரு மரியாதைக்காரர்.

என் தங்கை ஜெயித்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இருக்கும் குழிகள் அப்படியேதான் புகைகின்றன. புதுக் குழி தோண்டுவது மட்டும் அடுத்த கூட்டம் வரைக்கும் நிற்கிறது. சேவியர் இப்போது கேரளாவுக்கு இளநீர் ஏற்றுகிறார். பூபதி எதிரில் வந்தால் இன்னும் வணக்கம் வைக்கிறார், ஆனால் உட்கார்ந்தபடியே வைக்கிறார். நான் கிளம்பும் நாளில் பெட்டியைக் கட்டிவிட்டு ரோசியிடம் மறுபடியும் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா, இல்லையா? வா லா, என்னோட." கெஞ்சும்போது எங்கள் ஊர் 'லா' தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"நான் வந்துட்டா அடுத்த கூட்டத்துல ராசாத்தி மறுபடி பனின்னு சொல்லிருவாங்கக்கா" என்றாள். பிறகு, "இது என் ஊடுங்க" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த ஊரைத் திட்டினேன், சேவியரைத் திட்டினேன், அவளையும் திட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே எனக்கு அரிசிம்பருப்பு கட்டிக் கொடுத்தாள். சேவியர் இந்த முறை லோடு எதுவும் இல்லாமல் விமான நிலையம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

இப்போது கிள்ளானில் என் சமையலறையில் இருக்கிறேன். வந்த அன்றே குழாயில் இருந்த வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கருகருவென்று பூபதியின் கரி, அல்லது அவரைப் போன்ற இன்னொரு மரியாதைக்காரரின் கரி. கழுவி மறுபடி மாட்டிவிட்டேன். தண்ணீர் ருசியாகத்தான் இருக்கிறது. அதுதான் வெட்கக்கேடு.

தினமும் காலையில் ரோசிக்குப் போன் போடுகிறேன். நேற்று மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தாள். பின்னால் விசில் சத்தம். இந்த முறை அது குக்கராக இருக்கக் கூடாதா என்று இருந்தது.

"அக்கா, பசியாறியாச்சா?" என்றாள்.

ங்க வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று நான் திட்டித் தீர்த்த ங்க. மைக்செட் திரும்பி வந்துவிட்டாளா, இல்லை அந்த இரண்டு எழுத்துக்குக்கூட மூச்சு எட்டவில்லையா? கேட்டுவிடலாம். ஊரையே கேள்வி கேட்ட வாய்தான் எனக்கு. வாய் வரவில்லை, பயமாக இருந்தது.

"ஆச்சு" என்றேன்.